வாட்ஸ்அப்பில் வந்த போலீஸும் வீட்டுக்கு வர வேண்டிய போலீஸும்

2025 செப்டம்பரில் ஹரியானா மாநிலம் அம்பாலாவில் இருந்து உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் 73 வயதுப் பெண். சிபிஐ, அமலாக்கத் துறை என்று சொல்லிக்கொண்ட சிலர் அவரையும் அவர் கணவரையும் போனிலும் வீடியோ காலிலும் மிரட்டி வைத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டிருக்கிறது என்று சொல்லி, நீதிபதியின் கையெழுத்தும் முத்திரையும் கொண்ட ஒரு காகிதத்தைக் காட்டினார்கள். எல்லாமே போலி. ஆனால் அந்தத் தம்பதி அனுப்பிய 1 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பணம் மட்டும் நிஜம்.

அக்டோபர் 17-ல் நீதிபதிகள் சூர்ய காந்த், ஜாய்மால்யா பாக்சி அமர்வு அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டது. தன் பெயரிலேயே போலி உத்தரவு தயாரானால் நீதிமன்றத்துக்குக் கோபம் வரத்தானே செய்யும்? இதைச் சாதாரண ஏமாற்று வழக்காகப் பார்க்க முடியாது என்றது அமர்வு. மூத்த வழக்கறிஞர் என்.எஸ்.நப்பின்னை நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்டார். டிசம்பர் 1-ல், நாடு முழுவதும் நடக்கும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடிகளை சிபிஐ முன்னுரிமை கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தமிழ்நாடு 2023 ஜூனிலேயே சிபிஐக்கான பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்ற மாநிலம். அப்படிப்பட்ட மாநிலங்களும் இந்த விஷயத்தில் ஒப்புதல் தர வேண்டும் என்று அதே உத்தரவு சொன்னது.

டெல்லியில் பெரிய அளவில் ஏதோ நடக்கிறது, சரி. அதே போன் கால் தரங்கம்பாடிக்கு வந்தால் என்ன ஆகும்?

ஒரு காலை, ஒரு கால்

ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். வயது 71. மனைவி இல்லை. மகன் சென்னை ஓஎம்ஆரில், மகள் சிங்கப்பூரில். டெல்டாவில் தெருவுக்கு நாலு வீடு இப்படித்தான் இருக்கிறது. மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்களின் பங்கில் கேரளாவுக்கு அடுத்து நிற்கும் மாநிலம் தமிழ்நாடு. 2021-க்கான கணிப்பின்படி இங்கே 13.6 சதவீதம் பேர் அந்த வயதினர்.

காலை பத்து மணிக்கு போன். "சார், உங்க ஆதார் நம்பர்ல மும்பையில ஒரு சிம் வாங்கியிருக்காங்க. அதுல பெரிய ஃப்ராடு நடந்திருக்கு. லைன்ல இருங்க, போலீஸுக்கு கனெக்ட் பண்றேன்." அடுத்து வாட்ஸ்அப் வீடியோ கால். யூனிஃபார்ம், பின்னால் கொடி, மேசை. "நீங்க நல்லவர்னு எங்களுக்குத் தெரியுது சார். ஆனா கேஸ் உங்க பேர்ல இருக்கு. இது நேஷனல் செக்யூரிட்டி மேட்டர். பையன்கிட்ட, பொண்ணுகிட்ட சொன்னா அவங்களையும் சேர்த்துடுவோம்."

மிரட்டல், பிறகு கொஞ்சம் ஆறுதல், மறுபடியும் மிரட்டல். கடைசியில், "உங்க பணம் சுத்தமான பணமான்னு ரிசர்வ் பேங்க் வெரிஃபை பண்ணும், ரெண்டு நாள்ல திருப்பி வந்துடும்" என்ற உத்தரவாதம். ஹெட்மாஸ்டர் பொறையாறில் இருக்கும் பேங்க்குக்குப் போகிறார். ஃபிக்சட் டெபாசிட்டை உடைக்கிறார். கவுன்டரில் இருப்பவர் கேட்கிறார்: "என்ன சார், இவ்வளவு பெரிய அமவுன்ட்?" பதில் ஏற்கெனவே சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது: "பேத்திக்கு மெடிக்கல் சீட்டும்மா." சட்டைப் பையில் போன் ஆனில் இருக்கிறது. மறுமுனை கேட்டுக்கொண்டிருக்கிறது.

இப்படி ஏமாறுபவர்கள் படிக்காதவர்கள் என்று நினைத்தால் தவறு. மேற்கு வங்கத்தின் கல்யாணியில் 1 கோடி ரூபாய் இழந்தவர் ஓய்வு பெற்ற வேளாண் விஞ்ஞானி. லக்னோவில் 85 லட்சம் இழந்தவர் டாக்டர். உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, வரி கட்டி, வாழ்நாள் முழுக்க ஒழுங்காக இருந்தவர்களைத்தான் இந்த வலை அதிகம் பிடிக்கிறது. தப்பு செய்து பழகியவனுக்கு அசல் போலீஸ் எப்படிப் பேசும் என்று தெரியும். ஹெட்மாஸ்டருக்குத் தெரியாது. போலீஸ் ஸ்டேஷன் வாசலையே மிதித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தலைமுறை அது. டூப்ளிகேட் போலீஸுக்கு அந்தப் பெருமைதான் மூலதனம்.

சட்டத்தில் 60 என்ற எண்

தரங்கம்பாடிக்குப் பக்கத்தில்தான் திருக்கடையூர். 60 நிறைந்தவர்களுக்கு மணிவிழா நடக்கும் ஊர். மேளம் ஓயாத கோயில். குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இந்த 60-க்கு ஒரு மரியாதை இருப்பது பலருக்குத் தெரியாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 179-வது பிரிவு, ஒரு வழக்கு பற்றி விவரம் தெரிந்தவரை விசாரணைக்கு அழைப்பது பற்றியது. 60 வயதைக் கடந்த ஆணையும், எந்த வயதுப் பெண்ணையும், அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கேயும் வரச் சொல்லி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அது. போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். பழைய சட்டத்தில் இந்த வயது 65 ஆக இருந்தது. புதிய சட்டம் ஐந்து வருடம் குறைத்தது. 35(7) பிரிவு இன்னொன்று சொல்கிறது: மூன்று வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால், 60-ஐக் கடந்தவரைக் கைது செய்ய டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன்அனுமதி வேண்டும்.

அதோடு, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் போலீஸ் அனுப்பக் கூடாது. கைது என்பதே உடலைத் தொட்டோ, அடைத்து வைத்தோ செய்யும் காரியம். கேமரா முன்னால் உட்கார வைத்துச் செய்யும் 'அரெஸ்ட்' எந்தச் சட்டத்திலும் இல்லை. நிஜ நோட்டீஸே வாட்ஸ்அப்பில் வரக் கூடாது எனும்போது, அங்கே வருவது எதுவும் நிஜம் இல்லை.

இதெல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாகும் முதியவருக்கும் சாட்சி சொல்லும் முதியவருக்கும் சட்டம் காட்டும் கரிசனம். பணத்தைப் பறிகொடுத்துப் புகார் சொல்ல வரும் முதியவருக்கு? அங்கேதான் சட்டம் மௌனமாகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடிக்கு ஏழு வருடம் வரை, ஆள்மாறாட்ட மோசடிக்கு ஐந்து வருடம் வரை தண்டனை உண்டு. கும்பலாகச் செய்யும் சைபர் குற்றத்தை 111-வது பிரிவின் கீழ் திட்டமிட்ட குற்றமாகக் கொண்டுவந்தால் ஆயுள் வரை போகலாம். ஆனால் மோசடிப் பிரிவுகள் எதிலும், பறிகொடுத்தவரின் வயதைப் பார்த்துத் தண்டனையைக் கூட்டும் வாசகம் இல்லை. 25 வயது சாஃப்ட்வேர் இன்ஜினீயர் இழந்த பத்து லட்சமும், 71 வயதில் இனி சம்பாதிக்க வழியே இல்லாதவர் இழந்த பத்து லட்சமும் சட்டத்தின் தராசில் ஒரே எடை.

1930-க்கு அடித்த பிறகு

சரி, புகார் கொடுத்தால் என்ன நடக்கிறது?

1930 என்ற எண்ணுக்கு அழைத்தாலோ, cybercrime என்ற பெயரில் இயங்கும் மத்திய அரசின் இணையதளத்தில் பதிவு செய்தாலோ, அந்தப் பரிவர்த்தனையின் விவரம் சம்பந்தப்பட்ட பேங்க்குக்குப் போகிறது. பணம் இன்னும் அந்த அக்கவுன்ட்டில் இருந்தால் அப்படியே நிறுத்தி வைக்கப்படும். 2021-ல் தொடங்கிய இந்த ஏற்பாடு உண்மையிலேயே வேலை செய்கிறது. சிக்கல் நேரத்தில்தான். ஹெட்மாஸ்டரின் பணம் முதலில் போவது ஒரு வாடகை அக்கவுன்ட்டுக்கு. கமிஷனுக்காக யாரோ ஒரு ஏழை தன் பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்திருப்பார். அங்கிருந்து சில நிமிடங்களில் பத்து அக்கவுன்ட், அங்கிருந்து நாற்பது. ஒரு பகுதி ஏடிஎம்மில் ரொக்கமாகிறது. ஒரு பகுதி கிரிப்டோவாகி நாட்டை விட்டே போகிறது.

தமிழ்நாட்டு சைபர் கிரைம் பிரிவின் 2024-ம் ஆண்டுக் கணக்கு இதைச் சொல்கிறது. மக்கள் இழந்தது சுமார் 1,673 கோடி ரூபாய். முடக்கியது சுமார் 771 கோடி. இழந்தவர்கள் கைக்குத் திரும்பியது சுமார் 83 கோடி. முதல் இரண்டு எண்களைப் பார்த்தால் போலீஸை நிச்சயம் பாராட்ட வேண்டும், கிட்டத்தட்ட பாதியைப் பிடித்துவிட்டார்கள். மூன்றாவது எண்ணில்தான் தொண்டை அடைக்கிறது. பிடித்த பணமே உரியவரிடம் போய்ச் சேரவில்லை.

காரணம், முடக்குவது போலீஸ் வேலை, திருப்பித் தருவது கோர்ட் வேலை. முடக்கிய பணத்தை எடுக்க மாஜிஸ்திரேட் கோர்ட்டில், பிஎன்எஸ்எஸ் 503-வது பிரிவின் கீழ் மனு போட வேண்டும். அதற்கு போலீஸ் அறிக்கை வேண்டும், பேங்க் பதில் வேண்டும். பணம் ஏழெட்டு மாநில அக்கவுன்ட்களில் சிதறிக் கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். குஜராத் போன்ற மாநிலங்கள் இதை லோக் அதாலத்தில் வைத்து வேகமாக முடித்துக் காட்டியிருக்கின்றன.

தரங்கம்பாடிக்காரருக்கு இதில் இன்னொரு சுமை. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானதால் மாவட்ட சைபர் கிரைம் போலீஸ் இப்போது மயிலாடுதுறையிலேயே கிடைக்கிறது, முன்பு போல நாகப்பட்டினம் ஓட வேண்டியதில்லை. இருந்தாலும் சுமார் 30 கிலோமீட்டர். ஆக்கூர், செம்பனார்கோயில் வழியாக பஸ்ஸில் போய், சில சமயம் "ஆபீஸர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும். மின்னணு வழியில் புகார் அனுப்பி, மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்டால் எஃப்ஐஆர் பதிய வேண்டும் என்று 173-வது பிரிவு சொல்கிறது. நல்ல வசதி. ஆனால் செல்போனாலேயே ஏமாற்றப்பட்டு, அதைப் பார்த்தாலே கை நடுங்கும் ஒருவரிடம், ஆன்லைனில் புகார் கொடுங்கள் என்று சொல்வதில் ஒரு கொடூரமான நகைச்சுவையும் இருக்கிறது.

சின்னத் தொகை இழந்தவர்கள் கதை இன்னும் மோசம். மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வாங்கும் மீனவப் பாட்டியிடம் யாரோ ஓடிபி கேட்டு 4,000 ரூபாயை எடுத்துவிட்டால், அதிகபட்சம் ஒரு சிஎஸ்ஆர் ரசீது கிடைக்கும். அவருக்கு அது மூன்று மாத அரிசி.

திருடினால் பேங்க் பொறுப்பு, கொடுத்தால்?

கோர்ட் பக்கம் நல்ல தீர்ப்புகளே இல்லையா என்றால், இருக்கின்றன. அசாமில் ஒரு எஸ்பிஐ வாடிக்கையாளரின் கணக்கில் இருந்து 94,204 ரூபாய் 80 காசு மோசடியாகப் போனது. 24 மணி நேரத்துக்குள் அவர் புகார் சொல்லியிருந்தார். பேங்க்தான் பொறுப்பு என்று குவாஹாட்டி உயர் நீதிமன்றம் சொன்னதை, 2025 ஜனவரி 3-ல் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு உறுதி செய்தது. பின்னணியில் இருப்பது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை. பேங்க் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறு இல்லாமல், வெளியாள் வேலையால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது.

ஹெட்மாஸ்டருக்கு இது உதவுமா? கஷ்டம். அந்தச் சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் அனுமதி இல்லாமல் நடந்த பரிவர்த்தனைக்கு. இவர் நேரில் வந்து, ஆர்டிஜிஎஸ் ஃபாரத்தில் தானே கையெழுத்துப் போட்டார். துப்பாக்கி முனையில் வாங்கிய கையெழுத்து செல்லாது என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். போன் முனையில் வாங்கியதை பேங்க் 'அவராகத்தானே கொடுத்தார்' என்கிறது. முதியவர்களின் பெரிய இழப்புகள் எல்லாம் விழும் பள்ளம் இதுதான்.

டிசம்பர் 1 உத்தரவில் உச்ச நீதிமன்றம் கை வைத்த இடமும் பேங்க்தான். வாடகை அக்கவுன்ட் திறக்க உடந்தையாக இருந்த பேங்க் ஊழியர்களை ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழும் விசாரிக்கலாம் என்று சிபிஐக்குச் சுதந்திரம் கொடுத்தது. சந்தேகமான கணக்குகளைக் கண்டுபிடிக்க செயற்கை நுண்ணறிவை ஏன் பயன்படுத்தவில்லை என்று ரிசர்வ் வங்கியிடம் கேட்டது. சரியான கேள்வி. ஆனால் அது பணம் போய்ச் சேரும் அக்கவுன்ட் பற்றிய கேள்வி. பணம் கிளம்பும் கவுன்டர் பற்றியும் கேட்டாக வேண்டும். முப்பது வருடமாக பென்ஷன் தவிர வேறு எதையும் பார்க்காத ஒரு கணக்கு, ஒரே காலையில் துடைத்தெடுக்கப்பட்டு முன்பின் தெரியாத கம்பெனி பெயருக்குப் போகும்போது, கவுன்டரில் இருப்பவருக்குச் சட்டப்படி என்ன கடமை? 'என்ன சார் இவ்வளவு?' என்று கேட்டதே அவருடைய நல்ல மனசுதான்.

மகள் இருக்கும் சிங்கப்பூர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. 2025 ஜனவரியில் நிறைவேறி ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த அங்குள்ள மோசடித் தடுப்புச் சட்டப்படி, ஒருவர் மோசடிக்காரர்களுக்குப் பணம் அனுப்பப் போகிறார் என்று போலீஸுக்கு உறுதியாகப் பட்டால், அவர் எவ்வளவு மறுத்தாலும், அவர் கணக்கில் இருந்து பணம் போவதை 30 நாள் வரை கட்டுப்படுத்த பேங்க்குகளுக்கு உத்தரவு போடலாம். அன்றாடச் செலவுக்குப் பணம் எடுக்க மட்டும் அனுமதி உண்டு. தன் பணத்தைச் செலவழிக்க ஒருவருக்கு இருக்கும் உரிமையில் அரசு தலையிடலாமா என்ற விவாதம் அங்கேயும் நடந்தது. நியாயமான விவாதம்தான். வயதானவர் என்பதற்காக ஒருவரைக் குழந்தையாக்கிவிட முடியாது. இங்கே 30 நாள் கூட வேண்டாம். 60-ஐக் கடந்தவர் டெபாசிட்டை உடைத்துப் புதிய கணக்குக்குப் பெருந்தொகை அனுப்பினால் ஒரு நாள் தாமதம், அதற்குள் அவர் முன்பே எழுதிக் கொடுத்த ஒருவருக்கு போன். இவ்வளவு இருந்தாலே பல டெபாசிட்கள் தப்பிக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. முடக்கும் அதிகாரம் கிடைத்தால் போலீஸ் கண்மூடித்தனமாக முடக்கும். மோசடிப் பணத்தில் 500 ரூபாய் எங்கோ சுற்றி தரங்கம்பாடி மீன் வியாபாரியின் யுபிஐக்கு வந்திருக்கும். எந்த மாநில போலீஸ் என்றே தெரியாமல் அவருடைய மொத்தக் கணக்கும் நின்றுபோகும். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கண்டித்தது. எவ்வளவு தொகை சந்தேகத்துக்குரியது என்று குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்க முடியாது, அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும் என்றது.

ஆயுள் தண்டனையும் அந்தப் பக்கக் குரலும்

2025 ஜூலையில் கல்யாணி நீதிமன்றம் அந்த வேளாண் விஞ்ஞானி வழக்கில் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. டிஜிட்டல் அரெஸ்ட் வழக்கில் நாட்டிலேயே முதல் தண்டனை என்று அது பேசப்பட்டது. பிடிபட்டவர்கள் மகாராஷ்டிரா, ஹரியானா, குஜராத்தைச் சேர்ந்தவர்கள். ஒரு மாவட்ட போலீஸ் மனது வைத்தால் மாநிலம் மாநிலமாகப் போய்ப் பிடித்து தண்டனையும் வாங்கிக் கொடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் பல அழைப்புகள் கிளம்புவது கம்போடியா, மியான்மர், லாவோஸில் உள்ள அடைபட்ட வளாகங்களில் இருந்து. 'டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம்' என்று ஏஜென்ட்டை நம்பிப் போய் அங்கே சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் மீட்கப்பட்டிருக்கிறார்கள். ஹெட்மாஸ்டரிடம் நல்ல தமிழில் பேசும் அந்தக் குரலே, யாரோ ஒருவரின் அடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசும் குரலாக இருக்கலாம்.

பதிவேட்டில் ஒரு பெயர்

பணம் போன பிறகு ஹெட்மாஸ்டர் என்ன செய்வார்? பெரும்பாலும் எதுவும் செய்ய மாட்டார். ரெண்டு நாளில் திரும்பி வரும் என்று சொன்னார்களே என்று காத்திருப்பார். வராது என்று புரிந்ததும் வெட்கம் பிடித்துக்கொள்ளும். 'எப்படிப்பா ஏமாந்தீங்க? நீங்க வாத்தியாராச்சே!' என்ற மகனின் ஒரு வார்த்தைக்குப் பயந்தே இன்னும் நாலு நாள் மறைப்பார். 1930-ல் முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். அந்த ஒரு மணி நேரத்தை கும்பல் பாதி தின்கிறது, வெட்கம் பாதி தின்கிறது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. அதன் கீழ் தமிழ்நாடு 2009-ல் விதிகள் வகுத்தது. ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லையில் உள்ள மூத்த குடிமக்களின், குறிப்பாகத் தனியாக வசிப்பவர்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்கின்றன அந்த விதிகள். மாதம் ஒரு முறையாவது போலீஸ் தரப்பில் ஒருவர் அவர்களைப் போய்ப் பார்க்கவும் வேண்டும். வீடு புகுந்து நடக்கும் கொள்ளை, கொலையை மனதில் வைத்து எழுதிய விதி அது. இன்று கொள்ளைக்காரன் வீடு புகுவதில்லை, ஆனால் விதி இப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது. மாதம் ஒரு தடவை பொறையாறு ஸ்டேஷனில் இருந்து ஒரு கான்ஸ்டபிள் வந்து, திண்ணையில் உட்கார்ந்து, "என்ன ஐயா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுப் பழகியிருந்தால், மும்பை போலீஸ் என்று சொல்லும் போன் வந்த அன்று ஹெட்மாஸ்டர் முதலில் அந்த கான்ஸ்டபிளுக்குத்தானே அடிப்பார்? ஆள் பற்றாக்குறை, திருவிழா பந்தோபஸ்து என்று போலீஸ் தரப்பில் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், உச்ச நீதிமன்ற உத்தரவும் வேண்டாம். விதி ஏற்கெனவே இருக்கிறது.

பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஊருக்குப் போகும்போது, உள்ளூர் ஸ்டேஷனில் அந்தப் பட்டியல் இருக்கிறதா, அப்பா பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று கேட்கலாம். அவரையும் கூட்டிக்கொண்டு போனால் ஸ்டேஷன் வாசல் அவருக்குப் பழகும். பேங்க் மேனேஜரிடம், பெரிய தொகை ஏதாவது போனால் என் நம்பருக்கு ஒரு போன் பண்ணுங்க சார் என்று அப்பா கையெழுத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். அதை வாங்கி வைத்துக்கொள்ள பேங்க்குக்கு இன்றைக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.